கொள்ளை நோயும் அரசும்: மாற்றி எழுதப்பட்ட கணக்கு

கொவிட்-19 கொள்ளை நோயை இலங்கை அரசு திறம்படக் கையாண்டதா என்ற வாதம், நோயின் உக்கிரம் தணிந்து ஆண்டுகள் சில கழிந்த பின்னரும் ஓய்ந்தபாடில்லை. கண்டி நகரின் தேநீர்க் கடைகளிலும், பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும், பேராதனை செல்லும் பஸ் வண்டிகளிலும் இரு கட்சியினர் இன்றும் எதிரெதிராக நின்று வாதிடக் காண்கிறோம். ஒரு கட்சியினர் 2020ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டுவர். அவ்வாண்டு செப்டெம்பர் இறுதிவரை இந்நாட்டில் நிகழ்ந்த கொவிட் மரணங்கள் 13 மட்டுமே. செல்வமும் விஞ்ஞானமும் செழித்த மேனாடுகள் பிணங்களை எண்ணித் திகைத்திருந்த வேளையில் இச்சிறு தீவு தலைநிமிர்ந்து நின்றது. உறுதியான தலைமையும் இராணுவக் கட்டுப்பாடுமே அதற்குக் காரணம் என்பர். மறு கட்சியினர் 2021ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டுவர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு 200 பேர் வரையில் மாண்டனர். நோய் அடங்கியபோது மொத்த மரணங்கள் 16,000ஐத் தாண்டியிருந்தன. ஆகவே அரசாங்கச் சேவை என்று இந்நாட்டில் உருப்படியாக எதுவுமில்லை, யாவற்றையும் தனியாரிடம் ஒப்படைப்பதே வழி என்பர்.

இரு கட்சியினரும் கூறும் எண்களில் பிழையில்லை. அவற்றை யார் பெயரில் எழுதுவது என்பதிலேயே பிழை இருக்கிறது. ‘அரசு’ என்னும் ஒரே சொல்லால் அவர்கள் இரு வேறு பொருள்களைக் குறிக்கின்றனர். ஒன்று, மக்கள் பல தலைமுறைகளாகப் போராடியும் வாக்களித்தும் வரி செலுத்தியும் உருவாக்கிய பொதுச் சேவை: இலவச வைத்தியசாலை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது. மற்றொன்று, ஆணையிடும் அதிகாரம்: மாளிகை, வர்த்தமானி, பொலிஸ், படை. நோய்க் காலத்தில் நன்மை விளைந்தபோது அதனை அதிகாரத்தின் பெயரில் வரவு எழுதினர். தீமை விளைந்தபோது அதனைப் பொதுச் சேவையின் பெயரில் பற்று எழுதினர். மாற்றி எழுதப்பட்ட இந்தக் கணக்கைத் திருத்தி எழுதாதவரை, அடுத்த நோய்க்கு நாம் எதையும் கற்றவர்களாகமாட்டோம்.

இந்த வேறுபாடு எமது கற்பனையன்று. கண்டிக்கு அருகிலேயே அதற்குரிய சரித்திரச் சான்று உண்டு. கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டினால் வரும் கேகாலைப் பகுதியும், அதற்கப்பால் குருநாகல் பகுதியும் 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயின. மழை பொய்த்தது, வற்றாத ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அக்குட்டைகளில் நுளம்புகள் பெருகின. சில மாதங்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் காய்ச்சலில் வீழ்ந்தனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அன்று இத்தீவின் மொத்தச் சனத்தொகை 55 இலட்சம் அளவே என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வழிவின் பருமன் விளங்கும்.

அன்றும் ஒரு வாதம் எழுந்தது. வரட்சியும் நுளம்புமே காரணம், அவை இயற்கையின் செயல் என்று அதிகாரிகள் கூறினர். பசியே காரணம் என்று இடதுசாரிகள் கூறினர். அரசாங்க சபையில் மொறவக்கைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, உண்ண வழியற்ற உடலிலே கொயினா மட்டும் என்ன செய்யும் என்ற பிரச்சினையைக் கிளப்பியவர்களுள் ஒருவர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்துடன் உணவையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். பருப்பு விநியோகித்த என். எம். பெரேராவுக்கு மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே பெயரிட்டனர். அந்த அனுபவம் முதிர்ந்த 1935ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறு ஆண்டு நடந்த தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வெற்றி பெற்றனர்.

நேர்மையாகச் சீர்தூக்கினால், அன்றைய வாதத்தில் இரு பக்கத்திலும் உண்மை இருந்தது. நோயைப் பரப்பியது நுளம்பு. நோயை மரணமாக்கியதில் பசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அவ்வாதம் அடக்கப்படவில்லை. அந்நிய ஆட்சியின் கீழே, அரைகுறை அதிகாரமுடைய ஒரு சபையிலே நடந்தபோதிலும், அது வெளிப்படையாக நடந்தது. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்திருந்தபடியால், நோயுற்ற கிராமவாசி ஒரு வாக்காளனாகவும் இருந்தான். அவன் குரலை முற்றாகப் புறக்கணிக்க எவராலும் இயலவில்லை. களுத்துறையில் 1926இல் முதன்முதல் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் விரிந்ததும், கிராமங்களுக்கு வைத்திய வசதிகள் பெருகியதும், பின்னர் இலவச வைத்தியம் நிலைபெற்றதும் அந்த வாக்குரிமையோடு பிணைந்த வரலாறேயாகும்.

அதே வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. டீ.டீ.ரீ. தெளித்தும், இரத்தம் சோதித்தும், வீடு வீடாக அலைந்தும் கள ஊழியர்கள் மலேரியாவை விரட்டினர். 1963ஆம் ஆண்டில் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டது என்ற மகிழ்ச்சியில் தெளிப்பும் விழிப்பும் தளர்ந்தன. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் பல பத்தாண்டுகள் பொறுமையாக உழைத்தே, 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றது. எந்தத் தளபதியின் பெயரும் அந்தச் சாதனையோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான ஊழியரின் சாதனை அது.

இந்தப் பின்னணியில் 2020ஆம் ஆண்டை நோக்குவோம். ஜனவரி 27ஆம் திகதி முதலாவது நோயாளி, ஒரு சீன நாட்டுப் பெண், கண்டறியப்பட்டார். சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். மார்ச்சில் உள்ளூரில் நோய் தோன்றியது. அப்போது நோயாளியின் தொடர்புகளைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்றவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வீட்டில் அடைபட்ட கர்ப்பிணியைத் தேடிச் சென்றவர் யார்? மருத்துவமாது. ஐ.டீ.எச். வைத்தியசாலையில் இரவு பகலாக நின்றவர் யார்? இலவச வைத்திய சேவையின் தாதியரும் வைத்தியரும். தனிமைப்படுத்தல் நிலையங்களை அமைப்பதில் படையினர் உழைத்ததை நாம் மறுக்கவில்லை. சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகளாகிய அவர்களுக்கும் நன்றி உரியது. ஆனால் 2020 செப்டெம்பரின் 13 என்ற அந்த எண்ணைச் சாத்தியமாக்கிய முறை, 1926இலிருந்து படிப்படியாகக் கட்டப்பட்ட முறை. அது படைமுகாமில் பிறந்ததன்று.

இருந்தும், கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் கொடுக்கப்பட்டது. தொலைக்காட்சியில் நாள்தோறும் தோன்றிய முகம் அவருடையது. மறுபுறம், தமது கடமைக்குத் தேவையான சட்ட அதிகாரத்தை வர்த்தமானி மூலம் வழங்குமாறு வேண்டிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அது கிடைக்காமையால் 2020 ஜூலையில் கொவிட் பணிகளிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது. களத்தில் உழைத்தவனிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் வகித்தவனிடம் நோயியல் அறிவு இல்லை. கணக்கு மாற்றி எழுதப்பட்டது இங்கேதான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பாராளுமன்றம் 2020 மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்டது. நோய் பரவித் தேர்தல் பிற்போடப்பட்ட பின்னரும் அது மீண்டும் கூட்டப்படவில்லை. ஆகஸ்டில் புதிய பாராளுமன்றம் கூடும்வரை நாடு மக்கள் சபையின்றியே ஆளப்பட்டது. அந்த மாதங்களில் ஊரடங்கை மீறினர் என்று கைதானோர் 60,000க்கும் மேற்பட்டோர். 1934இல் அந்நியன் ஆட்சியில் நடந்த சபை வாதம், சுதந்திர இலங்கையில் 2020இல் நடைபெற இடமில்லாமற் போயிற்று.

வீடு பற்றியெரியும்போது வாதம் எதற்கு, ஆணையிடுவோர்க்குக் கீழ்ப்படிவதே முறை என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானதே. விரைவு தேவைப்படும் நேரங்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரை அடைத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாதம் அற்றுப்போன இடத்தில் தவறு நிகழ்ந்தால் அத்தவற்றைத் திருத்துவார் எவருமில்லை. தவறு நீடிக்கும், நீடித்த தவறு கொடுமையாக மாறும். அதற்குச் சான்று உடல் தகன விவகாரம்.

கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கை அரசோ 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில், எரித்தல் மட்டுமே அனுமதிக்கப்படும் என்று விதித்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது கூறப்பட்ட காரணம். இக்காரணத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. கண்டியில் பிறந்து, பேராதனை மருத்துவ பீடத்தில் கற்று, 2003இல் சார்ஸ் கிருமியைக் கண்டறிந்தோருள் ஒருவராக உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் மலிக் பீரிஸ், இந்நோய் நீரால் பரவுவதன்று என்றும், உயிரற்ற உடலிலே கிருமி பெருகாது என்றும் எடுத்துரைத்தார். எமது மண்ணின் பிள்ளை, எமது இலவசக் கல்வியின் விளைச்சல் கூறிய சொல் மாளிகையின் காதில் ஏறவில்லை. டிசெம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் இதற்கெதிரான மனுக்களை நிராகரித்தது. அதே மாதத்தில், பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் சிசுவின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெண்துணித் துண்டுகளைக் கட்டினர். வாதிட இடமற்றுப்போன நாட்டில், ஒரு துண்டுத் துணியே மக்களின் வாதமாயிற்று.

2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டதைக் கண்டிவாசிகள் அறிவர். அந்தக் காயம் ஆறுமுன்னர், 2020 மார்ச்சில் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. நோய் தோன்றிய ஊரை அடைப்பது சுகாதார நடவடிக்கை. ஆனால் ஒரு சமூகத்தின் இறந்தோரை அச்சமூகத்தின் நம்பிக்கைக்கு மாறாக எரிப்பது சுகாதார நடவடிக்கையன்று. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் அனுமதிக்கப்பட்டது. அப்போதும் கண்டியில் இறந்தவரைக் கண்டியில் அடக்கம் செய்ய முடியவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி வரை உடல்கள் கொண்டுசெல்லப்பட்டன. 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாயினர். பின்னர் இந்நாட்டிலேயே நடந்த ஆய்வுகள் அடக்கத்தால் நீர் மாசுபடவில்லை என்று உறுதிசெய்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லது. ஆனால் எரிந்த உடலுக்கு மன்னிப்பினால் கப்றில் இடம் கிடைக்காது.

விஞ்ஞானியின் சொல் ஏறாத காதில் வேறு சொற்கள் எளிதாக ஏறின. 2020 டிசெம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தயாரித்த பாணியை அருந்தக் கொவிட் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் திரண்டனர். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கே நோய் தொற்றியது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மலேரியாவால் மிகுதியாக வாடிய அதே கேகாலைக்கு, மருந்துக்குப் பதிலாகப் பாணியைக் காட்டினர். எளிய மக்களை இதற்காக நாம் நகைக்கமாட்டோம். அச்சத்தில் தவிப்பவன் எந்தக் கொம்பையும் பற்றுவான். அக்கொம்புக்கு அரச முத்திரை குத்தியவர்களே பொறுப்பாளிகள்.

2021 ஆகஸ்டில் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தபோது, நாட்டை உடனே முடக்குமாறு வைத்தியர் சங்கங்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தின. அரசு அசையவில்லை. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்க தேரர்கள் வேண்டுகோள் விடுத்த பின்னரே, ஆகஸ்ட் 20ஆம் திகதி முடக்கம் அறிவிக்கப்பட்டது. தேரர்கள் செய்தது நற்செயல். வைத்தியம் கற்றவரின் சொல்லுக்கு இல்லாத எடை மதபீடத்தின் சொல்லுக்கு இருந்தது என்பதே எமது வருத்தம். அந்த இடைப்பட்ட நாட்களுக்கு உயிர்களால் விலை கொடுக்கப்பட்டது.

இனி, ஹந்தானையின் சரிவிலும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களிலும் வாழும் தோட்டத் தொழிலாளரின் நிலையை நோக்குவோம். “வீட்டிலேயே இருங்கள், ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் இடைவெளி பேணுங்கள்” என்றது அரசின் ஆணை. வெள்ளையன் காலத்து லயன் அறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் மூன்று தலைமுறைகள் படுத்தெழும் குடும்பம் எந்த இடைவெளியைப் பேணும்? கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்றனர். பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரே குழாயடியில் வரிசை நின்றே தண்ணீர் பிடிக்கவேண்டியிருந்தது. அன்றியும், நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது பெருந்தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. ஏற்றுமதிக்குத் தேயிலை தேவை. ஆகவே கொழுந்து பறிக்கும் கை வீட்டில் இருக்க அனுமதிக்கப்படவில்லை. பேணச் சொன்ன உடலையே வேலைக்கும் அழைத்தனர்.

இதன் வேர் 2020இல் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, கேகாலைக் கிராமவாசிக்கு இருந்த வாக்கு எனும் ஆயுதம் பல பத்தாண்டுகள் இல்லாமற் போயிற்று. நாட்டின் மற்றைய பகுதிகளில் அரச வைத்திய சேவை வளர்ந்தபோது, தோட்ட மக்களின் வைத்தியம் கொம்பனியின் பொறுப்பாகவே விடப்பட்டது. அதனை அரசு பொறுப்பேற்கும் பணி தாமதமாகத் தொடங்கி, அரைகுறையாகவே நடந்தது. வாக்கு இருந்த இடத்தில் வைத்தியசாலை எழுந்தது. வாக்கு பறிக்கப்பட்ட இடத்தில் லயன் அறை அப்படியே நின்றது. கொள்ளை நோய் புதிதாக ஓர் ஏற்றத்தாழ்வையும் உண்டாக்கவில்லை. இருந்த ஏற்றத்தாழ்வைத் துலக்கிக் காட்டிற்று.

ஆசிரியர்களாகிய நாம் நேரிற் கண்டதும் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையத்துக்கு மாறியது. நகரத்து வீட்டில் அது திரையிலே தெரிந்த பாடம். தோட்டத்து வீட்டில் அது தகப்பனின் ஒரே கைத்தொலைபேசியோடு, சமிக்ஞை தேடி மலை ஏறிய பயணம். தகப்பன் வேலைக்குப் போனால் தொலைபேசியும் போயிற்று, பாடமும் போயிற்று. மீண்டும் பாடசாலை திறந்தபோது வகுப்பில் வெறுமையாயிருந்த சில இருக்கைகள் பின்னரும் நிரம்பவில்லை. அவற்றின் தொகை எந்த நாளாந்தக் கொவிட் அறிக்கையிலும் வெளிவந்ததில்லை.

இறுதியாக, நோய்ச் சட்டம் எவ்வாறு பொலிஸ் சட்டமாயிற்று என்பதைக் காண்போம். 2020இல் இந்நாடு கொள்ளை நோயை எதிர்கொண்டது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு. பம்பாயில் பிளேக் தோன்றிய மறு ஆண்டில், காலனி ஆட்சி இயற்றிய சட்டம் அது. 2021 ஜூலையில், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கருகில் குரலெழுப்பிய இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணை பெற்றவர்களைத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவில் உள்ள விமானப்படை முகாமுக்குக் கொண்டுசென்றனர். இதற்கு விடையாக, ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். சம்பள முரண்பாட்டுக்கெதிரான பெரும் போராட்டமாக அது வளர்ந்தது. கைதிகளின் நிலை இதனினும் கொடிது. கண்டியில் 2014இல் மூடப்பட்டு, நோய்க் காலத்தில் கைதிகளைத் தனிமைப்படுத்தத் திறக்கப்பட்ட பழைய போகம்பறைச் சிறையில், 2020 நவம்பரில் தப்பியோட முயன்ற ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அம்மாத இறுதியில் மஹரச் சிறையில் அச்சமும் ஆத்திரமும் வெடித்தபோது 11 கைதிகள் மாண்டனர்.

நன்மையையும் மறைக்காமல் கூறவேண்டும். 2021இல் தடுப்பூசி ஏற்றும் பணி வேகம் பெற்றபோது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் வழியாகவும் பாடசாலை மண்டபங்களின் வழியாகவும் அது கிராமந்தோறும் சென்றது. படையினரும் அதில் உதவினர். பணம் கேட்கப்படவில்லை, குழந்தைப் பருவத்திலிருந்து ஊசி ஏற்றிப் பழகிய மக்கள் தயங்காமல் கை நீட்டினர். இது பொதுச் சேவையின் வெற்றி. தனியாரிடம் யாவற்றையும் ஒப்படையுங்கள் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

அண்டை நாட்டிலும் இதே பாடம் கிடைக்கிறது. 2018இல் நிபா நோயை எதிர்கொண்டு பழகிய கேரளம், 2020இல் உள்ளூராட்சி மன்றங்களையும் பெண்களின் குடும்பஸ்ரீ அமைப்பையும் முன்னிறுத்தி, அடைபட்ட மக்களுக்குச் சமூகச் சமையற்கூடங்களால் உணவளித்தது. சுகாதார அமைச்சராயிருந்த கே. கே. ஷைலஜா ஒரு பாடசாலை ஆசிரியை. மக்கள் அவரை ‘டீச்சர்’ என்றே அழைத்தனர். அங்கும் பின்னர் நோய் பெருகியது, குறைகள் இருந்தன. ஆயினும் மருந்தோடு சோறும் வேண்டும் என்று 1935இல் எமது முன்னோடிகள் கூறியதை அவர்கள் செயலிற் காட்டினர். அதே ஆண்டில், நான்கு மணி நேர முன்னறிவித்தலோடு இந்தியா முழுவதும் முடக்கப்பட்டபோது, கூலித் தொழிலாளர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்து ஊர் திரும்பிய காட்சியையும் உலகம் கண்டது.

ஆகவே, அரசு நோயைத் திறம்படக் கையாண்டதா என்று எவரேனும் வினவினால், எந்த அரசு என்று நாம் திருப்பிக் கேட்போம். ஊசியோடும் குறிப்பேட்டோடும் படி ஏறி வந்த அரசு, தன் குறைகளோடும் கடமையைச் செய்தது. வர்த்தமானியோடும் துவக்கோடும் வந்த அரசு, அறிவைப் புறக்கணித்து, இறந்தோரை அவமதித்து, உழைப்போரைக் கைவிட்டது. முன்னதைக் காத்து வளர்ப்பதும் பின்னதைக் கட்டுக்குள் வைப்பதும் ஒரே போராட்டத்தின் இரு பக்கங்கள். தோட்ட வைத்தியசாலை முழுமையாக அரச சேவைக்குள் வரவேண்டும். லயன் ஒழிந்து வீடு எழவேண்டும். களப் பரிசோதகரின் வெற்றிடம் நிரப்பப்படவேண்டும். 1897இன் சட்டத்துக்குப் பதிலாக, மக்கள் சபைக்கும் நீதிமன்றுக்கும் பதில் கூறும் சட்டம் வேண்டும். நோயில்லாத இந்நாட்களில் இவற்றைக் கேளாதிருந்தால், நோய் வரும் நாளில் கேட்க எமக்கு வாயிருக்காது. அப்போதும் வாய்க்குக் கவசம் இடுமாறே ஆணை வரும்.